முதல் தண்ணீர்

பிப்ரவரி 9

தன்யா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். முதுகு முழுக்க வேர்க்குரு. மாசி பிறப்பதற்குள்ளேயே இப்படி என்றால், சித்திரையில் இந்தச் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? பின்வீட்டுக்குக் கான்கிரீட் கூரை. அங்கே வளர்மதி அக்காவும் அவள் மகள் ஹர்ஷினியும் இரண்டே பேர்.

சாயங்காலம் அக்கா முறைக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கள் வளவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே போர்க்கிணறு, அதற்கு ஒரு கம்ப்ரசர். மோட்டார் பெல்ட்டை இழுக்கும்; பெல்ட் கம்ப்ரசர் சக்கரத்தைச் சுற்றும்; அது காற்றை அடைத்துக் குழாய் வழியாக நிலத்துக்குள் அனுப்பும்; காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். புஸ் புஸ்ஸென்று துப்பித் துப்பித்தான் வரும். காலையில் எங்கள் தொட்டி, சாயங்காலம் அக்கா தொட்டி. இன்று மோட்டார் ஓடுகிறது, குழாயில் சொட்டு இல்லை. அக்கா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் அவள் பிழைப்பு. தண்ணீர் இல்லாவிட்டால் மறுநாள் மாவு இல்லை.

வடக்கே போர் போடுகிற ரிக் வண்டியில் வேலையாக இருக்கிற இவரைப் போனில் கூப்பிட்டேன்.

"மோட்டார் சுத்துதா, பெரிய சக்கரம் சுத்துதா?"

"மோட்டார் வேகமாச் சுத்துதுங் மாமா. பெரிய சக்கரம் ஏனோதானோன்னு சுத்துது."

"அப்ப பெல்ட் நழுவுது. ஆஃப் பண்ணிட்டு விரலால அமுக்கிப் பாரு. தொளதொளன்னு உள்ள போச்சுன்னா, மோட்டாருக்கு அடியில இருக்கற போல்ட்டைத் தளத்தி, மோட்டாரைப் பின்னால நவுத்தி, மறுக்கா முடுக்கு."

செய்தேன். வந்தது. நான் படித்தது இயற்பியல். கல்லூரியில் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை. அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "நீ இருக்கப் போயித் தப்பிச்சேன் சாமி."

உள்ளே வந்ததும் அத்தை கேட்டார். "உனக்கெதுக்கு வேண்டாத வேலை? அவ முறைதான. அவ பாத்துக்கட்டும்."

பிப்ரவரி 12

இவருடைய அண்ணன், வளர்மதி அக்காவின் வீட்டுக்காரர் மயில்சாமி மாமா இறந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவரும் ரிக்கில்தான் இருந்தார். இரும்புக் குழாய் இறக்கும்போது சங்கிலி அறுந்து மேலே விழுந்ததாம். கருமம் முடிந்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதை அத்தை இன்று கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். வளர்மதி பின்வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், தண்ணீரில் பாதி அவளுக்கு. அவளாகப் பூட்டிவிட்டுப் பிறந்த ஊருக்குப் போனால் வீடு சின்னவன் பூபதிக்கு, அதாவது இவருக்கு.

"அக்கா எங்கீங் அத்தை போகப் போறாங்க?"

"யாரும் யாரையும் போகச் சொல்லப்படாது கண்ணு. சொன்னாப் பாவம் சுத்தும். தானாப் போனா அது அவ தலையெழுத்து."

கீரையில் ஒரு புழு. நசுக்காமல் எடுத்து வாசலில் எறிந்தார். கோழி வந்து கொத்தியது.

இரவு தன்யாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக வருகிறது. இந்த ஷீட்டுச் சூடு உடம்புக்குள்ளும் இறங்குமா?

பிப்ரவரி 20

சாயங்காலம் மறுபடியும் பெல்ட் தளர்ந்துவிட்டது. மோட்டார் அதிர்கிறது, அதிர்கிற இடத்தில் போல்ட் தளர்வது இயல்புதான். அக்கா கூப்பிட்டாள். தன்யா அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தூங்க வைத்துவிட்டு நான் போவதற்குள் கரண்ட் போய்விட்டது.

பிப்ரவரி 21

இன்றும்.

பிப்ரவரி 27

நகக்கண்ணில் கிரீஸ். பாத்திரம் துலக்கும் தூளைப் போட்டுத் தேய்த்த பிறகுதான் குழந்தையைத் தூக்கினேன். ஸ்பேனரைத் தன்யாவின் துணிக்கூடையில் வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைத்தாலும் காணாமல் போகிறது.

ஒரு வாரமாக அக்கா தெருக்கோடியிலிருந்து குடம் சுமக்கிறாள். இன்று ரேஷன் கடையில் எல்லாரும் விசாரித்தார்கள். அத்தை பெருமூச்சு விட்டார். "மெசினுன்னா ரிப்பேர் ஆகத்தானுங் செய்யும்? எம்மருமகளும் கைக்குழந்தையை வச்சுக்கிட்டுப் போயிப் போயி முடுக்கறா." எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒருத்தி தன்யாவுக்கு வேர்க்குருப் பவுடர் வாங்கிக் கொடுத்தாள்.

மார்ச் 3

அக்கா தானே ஒரு ஸ்பேனர் வாங்கி வந்துவிட்டாள். பெல்ட்டை அமுக்கிப் பார்க்கிறாள், போல்ட்டை முடுக்குகிறாள், மோட்டாரைப் போடுகிறாள். நான் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தது அவ்வளவும் அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தது. ஹர்ஷினி வழிகிற தண்ணீரில் குதித்துக் கத்தினாள்.

அத்தை சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

மார்ச் 5

இவர் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"மாமா, கம்ப்ரசர்ல ஆயில் கொறைஞ்சா என்னாகுமுங்?"

"சூடாயி ஜாம் ஆயிரும். மெசினே போயிரும்."

"அதிகமானா?"

அங்கே ரிக் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"அதிகமானா மெசினுக்கு ஒடனே ஒண்ணும் ஆகாது. ஆயிலு காத்தோட கலந்து தண்ணியில வரும். காத்து அடைக்கற டேங்குக்கு அடியில ஒரு திருகு இருக்குது பாரு, தெனமும் அதைத் தொறந்து கசடை உட்டரோணும். உடலைன்னா ராத்திரி தங்குனதெல்லாம் காலையில முதல் தண்ணியோட வந்துரும். அதுக்கப்பறம் சுத்தமாயிரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"ஒரு தொட்டி ரொம்பறதுக்குள்ள."

எதற்குக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. தன்யாவுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார்.

அவர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். சும்மா, வாய்ச்சொல்லாக.

மார்ச் 8

அத்தை இன்று வாசலில் நாலு பேர் இருக்கும்போது அக்காவைக் கூப்பிட்டார். "வளரு, சாயங்காலம் கரண்ட் போயிப் போயி உனக்குத் தண்ணியில்லாமப் போகுது. நாளையில இருந்து காலையில முதல் தண்ணி உனக்கு. உந்தொட்டி ரொம்புனதுக்கு அப்பறம் நாங்க புடிச்சுக்கறோம். மாவு அரைக்கறவ, முதல்ல நீ புடி."

அக்கா அப்படியே உட்கார்ந்து அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னென்னமோ நெனச்சுட்டனுங் அத்தை. என்னை மன்னிச்சுருங்."

"எந்திரி, எந்திரி. மயிலு பொண்டாட்டி எனக்கு மக மாதிரிதான்."

எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாமியாரா என்று தெருவெல்லாம் இதுதான் பேச்சு.

மார்ச் 15

அக்காவிடம் மாவு வாங்குகிற டிபன் கடைக்காரர் வாளியோடு வந்து இறங்கினார். "ஏம்மா, இட்லிக்கு மாவு கேட்டா லாரிக்கு மாவு குடுத்திருக்கற? ஒரு வாய் வச்சவன், 'ஆயில் மாத்துனது யாரு'ன்னு கேக்கறான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அக்கா வாளிக்குள் முகத்தை விட்டு முகர்ந்தாள். வெகுநேரம் முகர்ந்தாள். ஆயிலை மாவில் பார்க்க முடியாது. தண்ணீரிலும் தொட்டியை உற்றுப் பார்த்தால்தான் ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் மெல்லிசாகத் தெரியும். அவள் மாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 19

கிரைண்டரில்தான் கோளாறு என்று அக்கா நினைக்கிறாள். என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். கல்லை எடுத்து வைத்திருந்தாள்.

"நீ படிச்சவ. பாத்துச் சொல்லு மேனகா."

"பேரிங்ல இருக்கற கிரீசு கசியுதுங் அக்கா. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாப் போயிரும்."

போகும்தான். நான் பொய் சொல்லவில்லை. கிரீஸை மண்ணெண்ணெய் எடுக்கும். மண்ணெண்ணெய் வாசம் போக எவ்வளவு நாள் ஆகும் என்று அவள் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்குள் எவ்வளவு குளிர்ச்சி. தரையில் விட்டதும் தன்யா கையைக் காலை ஆட்டிக்கொண்டு அப்படியே தூங்கிப் போனாள். தூக்கவே மனம் வரவில்லை.

மார்ச் 23

விடிந்ததும் கதவைத் தட்டினாள். பயந்துபோய்த் திறந்தேன்.

"மேனகா, கிரைண்டர் இல்ல. தண்ணிதான்! நேத்து வெறுந்தண்ணியக் கொதிக்க வச்சேன், மேல ஆயிலாட்டம் மெதக்குது. நீ குழந்தைக்கு இதைக் குடுக்காத. பச்சைக் குடலு, புண்ணாயிரும். குடுத்துட்டியா? எத்தனை நாளாக் குடுக்கற?"

என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எங்கள் தொட்டித் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதெப்படி உங்களுக்கு மட்டும் என்று கேட்பாள். "இல்லீங் அக்கா, நான் கொதிக்க வச்சு வடிகட்டித்தான்" என்று என்னவோ சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு வந்தாள். கரட்டடிக் கோயில் தொட்டித் தண்ணீர். போக வர அவ்வளவு தூரம், ஏற்றம் வேறு. ஒரு குடத்தை என் அடுப்படியில் இறக்கினாள். "இது தன்யாவுக்கு. தெனமும் கொண்டாறேன். வேற எதுக்கும் எடுக்காத."

மார்ச் 24

கொண்டுவந்தாள். கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். நல்ல ருசியான தண்ணீர்.

ஏப்ரல் 2

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று நேற்று சொன்னாள் அக்கா. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "பூபதி வரட்டும். கண்டவனத் தொட உட்டா மெசினு குட்டிச்சுவராப் போயிரும்."

"மேனகா பாத்துச் சொல்லட்டுமுங். அவளுக்குத்தான் எல்லாந் தெரியுமே."

இன்று காலை அவள் கண்முன்னே டேங்க் அடித் திருகைத் திறந்தேன். வெறும் காற்றும் நாலு சொட்டுத் தண்ணீரும். கசடு இல்லை. விடிவதற்கு முன்பே அதைத் திறந்து வடித்திருந்தேன். பக்கவாட்டில் இருக்கிற ஆயில் கண்ணாடியைக் காட்டினேன். அளவு சிவப்புக் கோட்டில் சரியாக நின்றது. அதையும் இறக்கி வைத்திருந்தேன். "மெசின்ல ஒரு கோளாறும் இல்லீங் அக்கா" என்றேன்.

அக்கா போர்க்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "மெசின்ல இல்லைன்னா, போருலதான?"

நான் திருகை இறுக்கி மூடினேன்.

"இந்தப் போரு அவரு கையால போட்டது மேனகா. நாங்க கண்ணாலம் பண்ணுன வருசம். தண்ணி வந்தப்ப முதல் குடத்தைத் தூக்கி எந்தலையில ஊத்துனாரு. அவரு போட்ட போருல இருந்து எனக்கு இப்படி வருதுன்னா..." வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னைப் போகச் சொல்றாரா?"

இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. சத்தியமாகத் தோன்றியதில்லை. இவளாக எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

அத்தை வெங்காயக் கூடையை இறக்கி வைத்தார். பக்கத்தில் வந்து அக்காவின் தலையைத் தடவினார். "நான் சொல்ல வேண்டாமுன்னு இருந்தேன் வளரு. மயிலு எங்கனவுலயும் வந்தான். உம்பேரைத்தான் சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

அக்கா அழுதது தெருமுனை வரை கேட்டது. தன்யா பயந்து அலறினாள். உள்ளே தூக்கிக்கொண்டு வந்து தட்டித் தட்டிச் சமாதானம் செய்தேன்.

ஏப்ரல் 3

காலையில் எழுந்தேன். ஆயிலைப் பழையபடி ஊற்றினேன். பழக்கமாகிவிட்டது.

ஏப்ரல் 11

ஹர்ஷினியைப் பள்ளிக்கூடத்தில் 'கிரீஸ் டப்பா' என்று கூப்பிடுகிறார்களாம். தலைக்குக் குளித்தாலும் வாசம் போவதில்லை. பரீட்சை எழுதப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். அக்கா அவளைக் கோயில் தொட்டிக்கே கூட்டிப் போய்க் குளிக்க வைத்துக் கூட்டி வருகிறாள். அப்படிப் போகும்போதும் என் குடத்தை மறப்பதில்லை.

இன்று குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னாள். "எங்கண்ணன் வரச் சொல்றாரு. பரிச்சை முடியட்டுமுன்னு பாக்கறேன்."

"யோசிச்சுச் செய்யுங் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

தன்யாவுக்கு நேற்று இரவு லேசான காய்ச்சல். சூட்டினால்தான். டாக்டரும் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 27

அக்கா போய்விட்டாள்.

அவள் அண்ணன் குட்டியானை வண்டி கொண்டுவந்திருந்தார். கட்டில், பீரோ, கிரைண்டர், ஹர்ஷினியின் சைக்கிள். சாவியைத் தட்டில் வெற்றிலையோடு வைத்து அத்தையிடம் கொடுத்தாள். அத்தை வாசற்படியில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "எங்கண்ணு, போகாத சாமி! எம்பையன் கட்டுன வீட்டை உட்டுட்டுப் போறியே! ஊரே, இவளைப் போக வேண்டாமுன்னு சொல்லுங்களே!" நாலு பேர் வந்து தூக்கினார்கள். பெரியவர்களில் ஒருத்தர்கூட வந்து நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா சொன்னாள். "என்னை யாரும் போகச் சொல்லலீங்க. நானாத்தான் போறேன்."

வண்டியில் ஏறும் முன் தன்யாவை வாங்கி முத்தம் கொடுத்தாள். என் காதருகே சொன்னாள். "தண்ணி சரியாகற வரைக்கும் கோயில் தண்ணியே குடு. சைக்கிள் பின்னால குடம் கட்டற கயிறை உனக்காகத்தான் வச்சுட்டுப் போறேன்."

வண்டி போனதும் அத்தை முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். "பசிக்குது கண்ணு. ரெண்டு தோசை ஊத்து."

ஏப்ரல் 28

ஆயிலை அளவுக்கு இறக்கினேன். டேங்கை வடித்தேன். பின்வீட்டுத் தொட்டியைச் சீயக்காய் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். நாலாவது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

மே 1

பின்வீட்டுக்கு வந்துவிட்டோம், நானும் தன்யாவும். அத்தை வரவில்லை. "எனக்கு அந்த ஷீட்டு வீடே பழகிருச்சு. நீங்க இருங்க." வேர்க்குரு இரண்டே நாளில் வாடிவிட்டது. குழந்தை இரவு முழுக்கத் தூங்குகிறாள். நான்தான் தூங்குவதில்லை. புது வீடு, பழகவேண்டும்.

மே 9

இவர் நேற்று வந்தார். வந்ததும் கம்ப்ரசர் கொட்டகைக்குள் போனார். பெல்ட்டை அமுக்கினார். போல்ட்டின் தலையைப் பார்த்தார். முனையெல்லாம் மழுங்கி உருண்டிருந்தது. ஆயில் கண்ணாடி அருகே குனிந்தார்.

"இப்ப அளவு சரியா இருக்குது" என்றார்.

அவ்வளவுதான். அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடும்போது வீடு நல்லா இருக்குது என்றார். ஊர்ப் பெரியவர்கள் சாயங்காலம் வந்து, வீடு இனிப் பூபதிக்கு என்று அத்தை முன்னிலையில் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

மே 18

இவர் திரும்பவும் வடக்கே கிளம்பிவிட்டார். மழைக்காலம் வருவதற்குள் இன்னும் நிறையப் போர் போட வேண்டியிருக்கிறதாம். சங்கிலியைப் பார்த்து நில்லுங்கள் என்றேன். சிரித்தார்.

பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் அத்தை சொன்னார். "வீட்டைப் பத்தி உனக்கு ஒரு கவலையும் இல்ல கண்ணு. எம்பையன் இருக்கற வரைக்கும் அது உன்னுதுதான்."

வீடு வந்து சேரும்வரை அந்த 'இருக்கற வரைக்கும்' என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே 21

காலையில் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அத்தை காப்பி டம்ளரோடு கொட்டகைக்கு வந்து கல்லில் உட்கார்ந்தார்.

"இந்த மெசினை எனக்கும் ஒருக்கா சொல்லிக் குடு கண்ணு."

"உங்களுக்கு எதுக்குங் அத்தை? நான் இருக்கறேன்ல."

"நீ இருப்ப. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா ஆகுமா? ஆம்பளைங்க வடக்க போறாங்க. மயிலும் வடக்கதான் போனான்."

முகத்தில் ஒன்றும் இல்லை. காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

தன்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். ஸ்விட்சு இது. பெல்ட்டை விரலால் இப்படி அமுக்க வேண்டும். இந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் மோட்டார் நகரும். டேங்க் அடித் திருகு இது. அத்தை ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுத் திருப்பிச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஆயில் ஊற்றுகிற இடத்தை மட்டும் நான் காட்டவில்லை. "அவ்வளவுதானுங்" என்றேன்.

அத்தை தலையாட்டினார். முந்தானையால் கம்ப்ரசரின் முதுகைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரல் அந்தச் சின்ன மூடியின் மேல் நின்றது. இடப்பக்கம் ஒரு திருகு திருகினார். கழன்று கையோடு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இதுலதான ஊத்துன?"

தன்யா மூடியைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அத்தை சிரித்துக்கொண்டே அவள் கையில் கொடுத்தார்.

"ஆமாங் அத்தை" என்றேன்.